கீழாநெல்லி இனங்களைப் பகுத்தறிதல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து தெற்கே சென்றால் பாறசாலையை அடையலாம். அதற்கு அப்பால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. எனினும் தாவரங்கள் இக்கோட்டை அறியா. இருபுறத்து மரச்சீனித் தோட்டங்களிலும் வாழைத் தோப்புகளிலும் மழைக்காலத்தில் ஒரே சிறு பூண்டு முளைக்கிறது. தமிழர் அதனைக் கீழாநெல்லி என்பர். மலையாளத்தார் கீழார்நெல்லி என்பர். இலையின் கீழே நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தோன்றுவதே இப்பெயருக்குக் காரணம்.

மஞ்சட்காமாலைக்கு இதனை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் தொன்மையானது. ஆயினும் கீழாநெல்லி என்று பறிக்கப்படுவது எப்போதும் ஒரே தாவரந்தானா என்பது ஆராயத்தக்கது.

பெயரில் நேர்ந்த பிழை

பில்லாந்தஸ் என்னும் பேரினத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்த சிறு பூண்டுகள் பல உள்ளன. இந்திய நூல்கள் பலவற்றில் கீழாநெல்லி நெடுங்காலம் பில்லாந்தஸ் நிரூரி என்றே குறிக்கப்பட்டு வந்தது. உண்மையில் அவ்வினம் அமெரிக்க நாடுகளுக்கு உரியது. இந்நாட்டில் அப்பெயரால் வழங்கியவை அமாரஸ், பிரடெர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று வேறு இனங்கள் என்பதை 1985-இல் இந்தியத் தாவரவியலார் தெளிவுபடுத்தினர்.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், கல்லீரல் அழற்சி பி வைரஸை உடலில் தாங்கியவர்களுக்கு பில்லாந்தஸ் அமாரஸ் தூள் கொடுக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் அவ்வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக 1988-இல் அறிவிக்கப்பட்டது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. இவ்வாறு முடிவுகள் மாறுபடும்போது, இரு சாராரும் ஆண்டது ஒரே தாவரமா என்பதே முதற்கண் எழும் வினாவாகும்.

கண்ணால் அறியும் அடையாளங்கள்

பூவும் காயும் உள்ள பசுஞ்செடியைக் கைலென்சு கொண்டு பகுத்தறியலாம். அமாரஸ் இனத்தின் பூவில் இதழ்கள் ஐந்து. இலை நுனி மழுங்கியது. ஓர் இலைக் கக்கத்தில் ஆண்பூவும் பெண்பூவும் இணைந்து நிற்பதைக் காணலாம். விதையின் வரிகள் நெடுக்காக ஓடும். டெபிலிஸ் இனத்தில் இதழ்கள் ஆறு. இலை குறுகி, இருமுனையும் கூர்மையாக இருக்கும். யூரினேரியா இனத்தின் தண்டு பெரும்பாலும் செந்நிறம் கொண்டது. காய்க்குக் காம்பு இல்லையெனும்படி குறுகியது, மேற்புறம் சொரசொரப்பானது. விதையின் வரிகள் குறுக்காக ஓடும்.

ஆனால் செடி உலர்ந்து, இலை உதிர்ந்து, மூட்டையில் நொறுங்கிய பின் இவ்வடையாளங்கள் அழிந்துபோகின்றன. பூக்காத இளஞ்செடியிலும் இவை புலப்படா. மரபணுச் சான்று துணைபுரிவது இவ்விடத்திலேயே.

மரபணு கூறும் சான்று

செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் பொருள் உண்டு. அது ஏ, டி, ஜி, சி எனக் குறிக்கப்பெறும் நான்கு மூலக்கூறுகளின் நீண்ட வரிசை. பூவோ காயோ இல்லாவிடினும் இவ்வரிசை மாறுவதில்லை. இலைத்துணுக்கிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, தேர்ந்த ஒரு பகுதியை மட்டும் பன்மடங்காகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை ஐயமற அறிந்த செடியின் வரிசையோடு ஒப்பிடுவர்.

எப்பகுதியைத் தேர்வது என்பதும் முக்கியமே. உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத மரபணுக்கள் மெதுவாகவே மாறுவதால், நெருங்கிய இனங்களில் அவை ஒன்றாகவே இருக்கக்கூடும். இரு மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளிலோ மாறுதல்கள் விரைந்து சேர்கின்றன. பசுங்கணிகத்தில் உள்ள அத்தகைய ஓர் இடைவெளியைக் கொண்டு, தென்னிந்தியக் கடைச்சரக்குகளைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 76 மாதிரிகளில் அமாரஸ் இனமே பெரும்பான்மையாக இருந்தது. எஞ்சியவற்றில் டெபிலிஸ், யூரினேரியா, பிரடெர்னஸ், மதராஸ்படென்சிஸ், கோழிக்கோடியானஸ் என்னும் ஐந்து இனங்கள் காணப்பட்டன.

இச்சான்றுக்கும் எல்லை உண்டு. பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியே வருவதால், கலப்பினச் செடி தாயின் இனமாகவே தோன்றும். அங்கே உட்கரு டி.என்.ஏ.வையும் ஆராய வேண்டும். கொதிக்கவைத்த கஷாயத்தில் டி.என்.ஏ. சிதைந்துவிடுகிறது. மேலும், இனம் இன்னதென்று அது கூறுமேயன்றி, மருந்தின் வீரியத்தைக் கூறாது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

1. பூவும் காயும் வேரும் கொண்ட முழுச்செடியைப் பிடுங்கி, தாளிடை அழுத்தி உலர்த்துக.

2. அதே செடியின் சில இலைகளைச் சிலிக்கா ஜெல் இட்ட உறையில் தனியே வைக்க. ஓர் உறையில் இரு செடிகளின் இலைகள் கலத்தலாகாது.

3. இரண்டிற்கும் ஒரே எண் இட்டு, ஊர், நிலத்தின் தன்மை, நாள், அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதுக. எல்லைச் சிற்றூர்களில் இருமொழிப் பெயர்களையும் குறித்தல் நன்று.

அழுத்திய செடி இல்லாத டி.என்.ஏ. வரிசை, கையொப்பம் இல்லாத பத்திரத்தை ஒக்கும். பின்னர் ஐயம் எழுந்தால் திரும்பிப் பார்க்க ஏதும் இராது.

ஆசிரியர்கள், பள்ளியைச் சுற்றிப் பறித்த செடிகளை மாணவரிடம் கொடுத்து, இதழ்களை எண்ணவும் விதை வரிகளை வரையவும் செய்யலாம். ஐந்திதழ்ச் செடியையும் ஆறிதழ்ச் செடியையும் அருகருகே கண்ட மாணவன், ஒரு பெயரின் கீழ் பல இனங்கள் மறைந்திருக்கக் கூடும் என்பதை மறவான். அதனுடன் மஞ்சட்காமாலைக்குக் காரணங்கள் பல என்பதையும், கண் மஞ்சளித்தவுடன் மருத்துவரை நாடுவதே முறை என்பதையும் அவனுக்கு உணர்த்துதல் ஆசிரியர் கடமையாகும்.