பி.எஸ்.என்.எல். எழுமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

2018 பிப்ரவரி நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல்லின் சிக்னல் ஊர் ஊராக அணைந்த மாதம் அது. வங்கி ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளியூரில் இருக்கும் பிள்ளை அந்த எண்ணைத்தான் அழைப்பான். எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக வழி தெரியாமல் மக்கள் தவித்தார்கள். மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஒரு செல்பேசி நிறுவனம் விழுந்தால் அடி வாங்குவது முதலாளி மட்டுமல்ல என்பதை நாம் அன்று பட்டுத் தெரிந்துகொண்டோம்.

அதனால்தான் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். பற்றிப் பேசும்போது கணக்கைப் பார்த்துப் பேசவேண்டும் என்கிறேன். "அது இனி எழவே எழாது" என்கிறார்கள் சிலர். "4ஜி வந்தாச்சு, இனி எல்லாரையும் முந்திவிடும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் சொல்லப்படும் ஐந்து நம்பிக்கைகளை இங்கே உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஊழியர்கள் வேலை செய்யவில்லை, அதனால்தான் நட்டம்.

உண்மை: 2000 அக்டோபர் 1 அன்று தொடங்கிய இந்த நிறுவனம், 2004-05இல் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டியது. அப்போது அதில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் இருந்தார்கள். சரிவு தொடங்கியது செல்பேசி நாடெங்கும் பரவிய ஆண்டுகளில்தான். இணைப்பு கேட்டு மக்கள் வந்தபோது, இணைப்பு கொடுக்கும் கருவிகளை நிறுவனத்தால் நேரத்தில் வாங்க முடியவில்லை. 9.3 கோடி இணைப்புகளுக்கான மாபெரும் டெண்டர் சர்ச்சைகளில் சிக்கி 2010இல் ரத்தானது.

அதே ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. 3ஜி, பிராட்பேண்ட் அலைக்கற்றைக்குத் தனியார் ஏலத்தில் கேட்ட விலையையே பி.எஸ்.என்.எல்.லும் கட்டவேண்டும் என்றது அரசு. தனியார் தமக்கு லாபம் தரும் தொலைத்தொடர்பு வட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஏலம் கேட்டார்கள். பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்தத் தேர்வு இல்லை. கையிருப்பிலிருந்து சுமார் 18,500 கோடி ரூபாய் போனது. 2009-10இல் தொடங்கிய நட்டம் அதன் பிறகு 2024-25 வரை எந்த நிதியாண்டிலும் லாபமாகத் திரும்பவில்லை.

சம்பளச் சுமை பொய்யல்ல. 2019 வாக்கில் வருவாயில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். செலவு குறைந்தது. கூடவே, எந்தத் தெருவில் எந்தக் கேபிள் எங்கே திரும்புகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த லைன்மேன்களும் போய்விட்டார்கள். அந்த இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் வராது.

நம்பிக்கை 2: மூன்று லட்சம் கோடியைக் கொட்டியும் உருப்படவில்லை.

உண்மை: 2019, 2022, 2023 என மூன்று முறை அறிவிக்கப்பட்ட மீட்புத் திட்டங்களைக் கூட்டினால் சுமார் 3.22 லட்சம் கோடி வருவது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி கையில் எண்ணி வைத்த பணம் அல்ல. 2022இன் 1.64 லட்சம் கோடியில் ரொக்கம் சுமார் 44,000 கோடிதான். மீதி, அலைக்கற்றை ஒதுக்கீடு, பழைய பாக்கியைப் பங்காக மாற்றுதல், கடனுக்கு அரசு உத்தரவாதம் போன்றவை. 2023இல் அறிவித்த 89,047 கோடி, 4ஜி, 5ஜி அலைக்கற்றையின் மதிப்பு. அரசு தன் அலைக்கற்றையைத் தன் நிறுவனத்துக்கே கொடுத்து, அதற்கு ஈடாகப் பங்கு எடுத்துக்கொண்டது.

இதனால் இந்தத் தொகை சும்மா வந்தது என்று ஆகிவிடாது. அலைக்கற்றை மக்களின் சொத்து. அதைப் பெற்றவர்கள் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. சரியான கேள்வியாகக் கேட்போம்.

நம்பிக்கை 3: டவர் வந்தாச்சு, இனி சிக்னல் பிரச்சினையே இல்லை.

உண்மை: 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் 97,500க்கும் மேற்பட்ட 4ஜி டவர்களைத் தொடங்கிவைத்தார். செலவு சுமார் 37,000 கோடி. பெரிய வேலைதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் டவர் எண்ணிக்கை வேறு, அது நாள் முழுக்க உயிரோடு இருப்பது வேறு.

ஒரு டவரின் அடியில் போய் நின்று பாருங்கள். கம்பி வேலிக்குள் ஒரு பெட்டி. அதற்குள் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கலாம். மண்ணுக்கடியிலிருந்து ஒரு ஃபைபர் கேபிள் மேலேறும். உச்சியில் மாட்டியிருக்கும் ரேடியோ எவ்வளவு புதியதாக இருந்தாலும், கீழே உள்ள இந்த மூன்றில் ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும். பேட்டரி பழையதானால் கரண்ட் போன சற்று நேரத்தில் சிக்னலும் போகும். சாலை போடும் ஜே.சி.பி. ஃபைபரை அறுத்துவிட்டால், போனில் கோடுகள் தெரியலாம். ஆனால் அழைப்பும் டேட்டாவும் நகராது. டீசல் ஊற்ற ஆள் வராவிட்டால் புயல் நாளில் ஊரே துண்டிக்கப்படும். தனியார் நிறுவனங்களுக்கும் இதே மூன்றும்தான் உயிர்நாடி. யார் வேகமாகச் சரிசெய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொரு பாதி நம் கையில் இருக்கிறது. பழைய 2ஜி, 3ஜி சிம்மை வைத்துக்கொண்டு 4ஜி வரவில்லை என்று சொல்வோர் நிறையப் பேர். வாடிக்கையாளர் சேவை மையத்தில் 4ஜி சிம்மாக மாற்றவேண்டும். போன் செட்டிங்கில் 4ஜியைத் தேர்ந்தெடுத்து, வோல்டீ பொத்தானையும் போடவேண்டும். அது அணைந்திருந்தால் அழைப்பு வரும்போது போன் பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். பி.எஸ்.என்.எல். பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், சுவரையும் நன்றாக ஊடுருவும், கிராமத்துக்கு ஏற்றது. ஆனால் சில பழைய போன்கள் அந்த அலைவரிசையை ஏற்பதில்லை.

நம்பிக்கை 4: உள்நாட்டுக் கருவியாம், வீண் பிடிவாதம். அல்லது, உள்நாட்டுக் கருவி; நாளைக்கே 5ஜி.

உண்மை: 2020 மார்ச்சில் விடப்பட்ட 4ஜி டெண்டர், அந்த ஆண்டு சீனாவுடனான எல்லை மோதலுக்குப் பின் ஜூலையில் ரத்தானது. அதன் பிறகு உள்நாட்டுத் தொழில்நுட்பமே என்று முடிவானது. டி.சி.எஸ். ஒருங்கிணைப்பு, தேஜஸ் நெட்வொர்க்ஸின் ரேடியோ, அரசு ஆய்வு மையமான சி-டாட்டின் மைய வலைப்பின்னல்: இப்படி மூன்று தரப்பும் சேர்ந்து உருவாக்கியவை இன்று இயங்குகின்றன. உலகில் இத்தகைய முழுத் தொகுப்பை உருவாக்கும் நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இது நாட்டுக்குக் கிடைத்த அசலான சொத்து.

அதற்கான விலையைக் கொடுத்தது வாடிக்கையாளர். ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜியோடு வந்தது. பி.எஸ்.என்.எல். நாடு தழுவிய 4ஜிக்கு வந்து சேர அதன் பிறகு ஒன்பது ஆண்டு ஆனது. புதிய கருவிகள் ஆய்வகத்தில் முழுதாகப் பக்குவப்படுவதில்லை. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் குறைகள் வெளிவரும், திருத்தமும் நடக்கும்.

இந்த டவர்களை மென்பொருள் மூலம் 5ஜிக்கு உயர்த்த முடியும் என்பது உண்மையே. ஆனால் 5ஜியின் வேகத்துக்கு அகலமான அலைக்கற்றை, அதற்கேற்ற ரேடியோ, டவர் வரை தடித்த ஃபைபர் ஆகிய மூன்றும் வேண்டும். மென்பொருள் மட்டும் இதைச் செய்துவிடாது.

நம்பிக்கை 5: கட்டணம் குறைவு, கூட்டம் வருகிறது, லாபமும் வந்துவிட்டது.

உண்மை: 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தியபோது பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஆகஸ்டில் 25 லட்சம், செப்டம்பரில் 8 லட்சம், அக்டோபரில் 5 லட்சம். நவம்பரில் கணக்கு தலைகீழானது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தார்கள். குறைந்த கட்டணம் அழைத்து வந்தவர்களைச் சிக்னல் தக்கவைக்கவில்லை.

லாபக் கணக்கும் அப்படித்தான். 2024 அக்டோபர்-டிசம்பரில் 262 கோடி, அடுத்த காலாண்டில் 280 கோடி லாபம். பல ஆண்டுகளுக்குப் பின் வந்த நல்ல செய்தி. ஆனால் அந்த முழு நிதியாண்டில் 2,247 கோடி நட்டம். அடுத்த இரண்டு காலாண்டுகளிலும் தலா 1,000 கோடிக்கு மேல் நட்டம். புதிய கருவிகளின் தேய்மானம் கணக்கில் ஏறியது முக்கியக் காரணம். 2019-20இல் நட்டம் 15,500 கோடி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நோயாளி தேறியிருக்கிறார், இன்னும் வீடு திரும்பவில்லை என்பது புரியும்.

மிச்சமிருப்பது அடிப்படைக் கணக்கு. 2025 நடுவில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதச் சராசரி வருவாய் ஏர்டெல்லுக்குச் சுமார் 250 ரூபாய், ஜியோவுக்கு 200க்கும் மேல், பி.எஸ்.என்.எல்.லுக்கு நூறுக்கும் கீழ். மலைக்கிராமத்துக்கும் எல்லைக்கும் சேவை கொடுக்கும் பொறுப்போடு இந்த வருவாயில் பிழைப்பது கடினம். நல்ல சேவையைக் கொடுத்து, அதற்கு நியாயமான விலை கேட்பதே வழி. நல்ல சேவை முதலில் வரவேண்டும்.

என் முடிவு இதுதான்: பி.எஸ்.என்.எல். எழ முடியும். அதை எழுப்பப்போவது இன்னொரு திறப்பு விழா அல்ல. நேரத்துக்கு மாற்றப்படும் பேட்டரியும், அன்றே இணைக்கப்படும் ஃபைபரும்தான். அரசிடம் டவர் எத்தனை என்று கேட்காதீர்கள். என் ஊர் டவர் போன மாதம் எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, ஏன் என்று கேளுங்கள். வீட்டில் பழைய பி.எஸ்.என்.எல். சிம் இருந்தால் இந்த வாரமே 4ஜிக்கு மாற்றிச் சோதித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடத்தையும் நேரத்தையும் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். இது நம் நிறுவனம்; நாம் கேட்டால்தான் எழும்.