மென்பொருள் விளக்கவுரை: வடிவம் தேரும் நெறி

ஒரு கருவியை ஆக்கியவர், அதனைக் கையாளும் முறையையும் எழுதிவைத்தல் கடன். மென்பொருளுக்கும் இஃது ஒக்கும். கணிப்பொறித் திரையிற் படித்தற்குரிய அவ்விளக்கவுரையை எவ்வடிவில் அமைப்பது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண் உணர வேண்டுவது, மூலம் வேறு, தோற்றம் வேறு என்பதாம். 1971ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் கையேடு, எளிய எழுத்துக் கோப்புகளில் சில குறிகளை இட்டு எழுதப்பெற்றது. அத்தகு கோப்பை எந்தக் கணிப்பொறியும் திறக்கும். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

இதற்கு மாறானது, 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த உதவிக்கோப்பு. சொல்லைச் சுட்டினால் உரிய பக்கத்திற்கு இட்டுச் செல்லும் வசதி அதில் இருந்தது. ஆயினும், 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் அதனைத் திறக்கும் நிரல் சேர்க்கப்படவில்லை. தனியே பெற்று நிறுவ வேண்டியதாயிற்று. விண்டோஸ் 10இல் அதற்கான ஆதரவும் நின்றது. உரை இருந்தும் படிக்க வழி அடைபட்டது.

இன்று பெரிதும் வழங்குவன இரண்டு. அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிடிஎஃப், பக்கத்தின் தோற்றத்தை மாறாது காக்கும், அச்சிடுவதற்கு ஏற்றது, 2008இல் பன்னாட்டுத் தரமும் ஆயிற்று. ஆனால் கைப்பேசியின் சிறு திரையில் வரிகளை இழுத்திழுத்துப் படிக்க நேரிடும். எச்டிஎம்எல்லோ திரையின் அகலத்திற்கேற்ப வரிகளை மடக்கித் தரும். வேண்டிய பகுதிக்கு நேரே இணைப்பும் தரலாம். பிழை திருத்தினால், படிப்போர் அனைவரும் திருந்திய உரையையே காண்பர்.

எனினும், இவ்விரண்டிலும் நேரே எழுதுதல் வேண்டா என்பதே நம் முடிபு. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் போன்ற எளிய குறிமுறையில் மூலத்தை எழுதினால், அதிலிருந்து இரு வடிவங்களையும் கருவிகளே ஆக்கித்தரும். குறுக்குக் குறிப்புகள் மலிந்த பெருங்கையேட்டிற்கு டாக்புக் பொருந்தும். தமிழில் எழுதுவோர் யூனிக்கோடு எழுத்தையே கையாளல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றக் காண்கிறோம்.

நம் முன்னோர் அரபுத்தமிழில் யாத்த நூல்கள் பல, அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் அருகியமையால் பேழைகளுள் உறங்குகின்றன. வடிவம் அறிவார் குறையின் பொருளும் மறையும். அறிவு ஓர் அமானிதம். அதனை அடுத்த தலைமுறை திறந்து படிக்கத்தக்க வடிவில் ஒப்படைத்தல், நாளை மென்பொருள் ஆக்கவிருக்கும் மாணவச் செல்வங்களின் பொறுப்பாகும்.