தூக்க மாத்திரையும் தெருப்பேச்சும்

சென்னை நொச்சிக்குப்பம் மீனவர் குடியிருப்பிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், காமராஜர் சாலையில், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம் இருக்கிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1849-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் வாரிசு அது. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட முதல் கூடம் அதுதான். அதைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணமும் விஷம்தான். இறந்தவரின் வயிற்றில் இருந்தது என்ன என்று சொல்ல அன்றைக்கு ஆள் தேவைப்பட்டது.

2025 ஜூலை 24 அன்று குன்றத்தூர் அபிராமி வழக்கில் காஞ்சிபுரம் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அபிராமிக்கும் அவருடன் பழகிய சுந்தரத்துக்கும் சாகும்வரை சிறை. 2018 ஆகஸ்ட் கடைசியில், பாலில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்து அபிராமியின் இரண்டு குழந்தைகளைக் கொன்ற வழக்கு அது. அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் மீன் அங்காடியிலும், குடியிருப்பின் மாடிப்படியிலும், டீக்கடை பெஞ்சிலும் ஓடிய பேச்சை நான் காது கொடுத்துக் கேட்டேன். பேசியவர்கள் கோபத்தோடும் துக்கத்தோடும் பேசினார்கள். அந்தக் கோபத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வந்த பல நம்பிக்கைகள் தவறு. சில ஆபத்தானவையும்கூட.

"மாத்திரைன்னா வலி கிடையாது, தூக்கத்துலயே போயிடும்"

இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொலையைப் பற்றிப் பேசும்போது சொல்லப்படுகிற இந்த வார்த்தை, மனம் உடைந்துபோய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவரின் காதிலும் விழுகிறது.

பழைய படங்களில் மாத்திரைப் புட்டியைக் காலி செய்துவிட்டுக் கட்டிலில் அழகாகப் படுத்திருப்பார்கள். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. நடப்பது அதுவல்ல. மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மந்தமாகிறது. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. வாந்தி வந்தால் இருமித் துப்பும் சக்தி இல்லாததால் அது நுரையீரலுக்குள் இறங்குகிறது. பிழைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு நிமோனியா வருகிறது. மூளைக்குப் பிராணவாயு போகாமல் நின்ற நிமிடங்களுக்காக வாழ்நாள் முழுவதும் ஊனத்தோடு இருப்பவர்களும் உண்டு. இதில் அமைதி என்று சொல்ல எதுவும் இல்லை.

யாருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. குன்றத்தூர் வழக்கில் அன்று காவல்துறை சொன்ன விவரமே அதைக் காட்டுகிறது. ஒரே இரவில், ஒரே வீட்டில் கொடுக்கப்பட்ட பால். கணவர் மறுநாள் எழுந்து வேலைக்குப் போனார். மகனும் எழுந்தான். நான்கு வயது மகள் எழவே இல்லை. மகனைப் பிறகு மூச்சை அடக்கிக் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. தூங்கிக்கொண்டே போனார்கள் என்று அந்தக் குழந்தைகளுக்காக நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட உண்மை இல்லை.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416 அல்லது 104-ஐ அழையுங்கள். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும், 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

"லேப்ல ஒண்ணும் வரலன்னா கேஸ் நிக்காது, வந்துச்சுன்னா தப்பிக்கவே முடியாது"

இந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் தவறு. இரண்டையும் உச்ச நீதிமன்றம் வெவ்வேறு காலத்தில் உடைத்திருக்கிறது.

முதலில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிரேதப் பரிசோதனையில் மருத்துவர் வயிறும் அதிலுள்ளதும், சிறுகுடலின் ஒரு பகுதி, ஈரலில் ஒரு துண்டு, இரண்டு சிறுநீரகத்திலும் பாதி, ரத்தம் ஆகியவற்றை எடுத்து வைக்கிறார். பெரும்பாலான வழக்குகளில் உறுப்புகளைக் கெடாமல் காப்பது, இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பு போட்ட தண்ணீர்தான். கருவாடு போடுகிற குப்பத்துக்கு உப்பு என்ன செய்யும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்திரையிட்ட அந்த ஜாடிகள் ஆய்வகத்துக்குப் போகின்றன. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது ஒவ்வொரு படியிலும் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கில் ஓட்டை விழுந்தால், எவ்வளவு நல்ல கருவியில் சோதித்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிலேயே நுழைந்துவிடுவார்.

சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகவும் காரணங்கள் உண்டு. உடல் அழுகியிருக்கலாம். மருத்துவமனையில் பல நாள் உயிரோடு இருந்ததால் உடம்பே மருந்தைக் கரைத்து வெளியேற்றியிருக்கலாம். தேடிய பட்டியலில் அந்த மருந்து இல்லாமலும் இருக்கலாம்.

1956 நவம்பர் 12 இரவு, லட்சுமிபாய் கார்வே என்ற பணக்கார விதவை, தன் மருத்துவர் அனந்த் லாகுவுடன் புனேயிலிருந்து மும்பைக்கு ரயிலேறினார். மும்பையில் இறங்கும்போது அவருக்கு நினைவில்லை. மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். உடலில் விஷம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் லாகுவுக்கு விதித்த மரண தண்டனையை 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் உடன்படவில்லை. மற்ற இருவர் லாகுவின் நடத்தையைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் அவர் பொய்யான விவரம் கொடுத்திருந்தார். இறந்தவர் உயிரோடு எங்கேயோ இருப்பதாகக் காட்டப் போலிக் கடிதங்கள் வந்தன. அவருடைய சொத்து லாகுவிடம் வந்து சேர்ந்தது. தடம் தெரியாத விஷத்தைப் பயன்படுத்துகிறவனுக்குச் சட்டம் பரிசு கொடுக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடுத்தது 1982, புனே. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் படுக்கையறையில் இறந்துகிடந்தார். இங்கே விஷம் கண்டுபிடிக்கப்பட்டது, பொட்டாசியம் சயனைடு. கணவர் சரத் சர்தாவுக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, மும்பை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் ஏ. வரதராஜன், நம் திருப்பத்தூரில் வக்கீலாக இருந்து உச்ச நீதிமன்றம் வரை போனவர். அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டிருக்கவும் இடமுண்டு என்று நீதிமன்றம் கருதியது. விஷக் கொலை வழக்கில் நான்கு விஷயங்களை அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என்றும் சொன்னது: கொல்லத் தெளிவான காரணம் இருந்தது, அந்த விஷத்தால்தான் இறந்தார், அந்த விஷம் குற்றவாளி என்று சொல்லப்படுபவரிடம் இருந்தது, அதைக் கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. சூழ்நிலைச் சாட்சியம் ஒவ்வொரு கண்ணியும் விட்டுப்போகாத சங்கிலியாக இருக்க வேண்டும் என்று இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் எடுத்துச் சொல்லப்படுவது இந்தத் தீர்ப்புதான்.

விஷம் கிடைக்காத வழக்கில் தண்டனை, கிடைத்த வழக்கில் விடுதலை. இரண்டையும் முரண்பாடாக நான் பார்க்கவில்லை. என்ன விஷம் என்று ஆய்வகம் சொல்லும். அதை யார் கொடுத்தார் என்று எந்த ஆய்வகமும் சொல்லாது.

"அவளே ஒத்துக்கிட்டா, அப்புறம் எதுக்கு ஏழு வருசம்?"

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் 23-ஆவது பிரிவில் இதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்த அளவுக்கு மட்டும் ஏற்கலாம். ஸ்டேஷனில் அடி வாங்கியவர்களைத் தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பாதுகாப்பு ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. காலையில் டிவியில் 'ஒப்புக்கொண்டார்' என்று வருகிற செய்தி, சட்டத்தின் கண்ணில் வெறும் காகிதம். ஏழு வருடம் நீளம்தான், நானும் வருந்துகிறேன். ஆனால் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த நீதி மேல்முறையீட்டில் நிற்க வேண்டுமானால் அது சாட்சிகளின் மேல்தான் நிற்க முடியும்.

"மெடிக்கல்ல கேட்டா குடுத்துடுவான், ஒரு தடமும் இருக்காது"

சீட்டில்லாமல் விற்கிற கடைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அல்பிரசோலம், டயஸிபம், நைட்ரஸிபம், சோல்பிடம் போன்றவை 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. எழுதிக்கொடுத்த மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சர்தா வழக்கு கேட்ட மூன்றாவது கண்ணி, அதாவது 'அவரிடம் இருந்தது' என்பது, பல வழக்குகளில் இந்தப் பதிவேட்டிலிருந்தும் பில்லிலிருந்தும் பிறக்கிறது. சீட்டில்லாமல் விற்றவருக்கும் தண்டனை உண்டு.

"கூடவே இருக்கற ஆளு, தெரியாமலா இருந்திருக்கும்?"

இந்தக் கேள்வியைப் பாதிக்கப்பட்டவர் மேலேயே எறிகிறோம். அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பிரான்சில் ஜிசேல் பெலிக்கோ என்ற பெண்மணியின் உணவிலும் பானத்திலும் அவர் கணவர் ஏறத்தாழ பத்து வருடம் மயக்க மருந்து கலந்து கொடுத்தார். மயங்கிய மனைவியை வேற்று ஆண்களை அழைத்து வன்கொடுமை செய்ய வைத்தார். அந்தப் பெண்மணிக்கு ஞாபகம் தப்பியது. மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயந்து மருத்துவர்களிடம் போனார். அவர்களுக்கும் தெரியவில்லை. கணவர் கூடவே துணைக்குப் போனார். 2024 டிசம்பர் 19 அன்று அவிஞ்ஞோன் நீதிமன்றம் கணவருக்கு 20 வருடச் சிறை விதித்தது. அவரோடு சேர்த்து 51 ஆண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். முகத்தை மறைக்காமல், கதவு திறந்த நீதிமன்றத்தில் விசாரணை நடக்க வேண்டும் என்று கேட்டவர் ஜிசேல்.

நமக்குப் பக்கத்திலேயே, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்த தன் காதலி கிரீஷ்மாவின் வீட்டில் 2022 அக்டோபர் 14 அன்று கஷாயம் குடித்தார் ஷாரோன் ராஜ். அதில் இருந்தது களைக்கொல்லி. பதினோரு நாள் கழித்துத் திருவனந்தபுரத்தில் இறந்தார். மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் காதலி மேல் அவர் குற்றம் சொல்லவில்லை. 2025 ஜனவரி 20 அன்று நெய்யாற்றின்கரை நீதிமன்றம் கிரீஷ்மாவுக்கு மரண தண்டனை விதித்தது. நெருங்கியவர் கையால் வாங்கிக் குடிக்கிற தம்ளரை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. சந்தேகப்படாதவரை முட்டாள் என்று பேசுவது அநியாயம்.

"இப்பல்லாம் பொம்பளைங்கதான் புருசனைக் கொல்றாங்க"

குன்றத்தூர் தீர்ப்பு வந்த அன்று மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இது. ஆண்கள் மட்டுமல்ல, மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காக்களும் சொன்னார்கள்.

2023-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. ஒரு நாளைக்கு 140 பேர். கொல்லப்பட்ட பெண்களில் பத்தில் ஆறு பேர் வீட்டாரின் கையால் செத்தவர்கள். ஆண்களில் அந்தக் கணக்கு பத்தில் ஒன்றை ஒட்டியது. நம் நாட்டில் வரதட்சிணைச் சாவு என்று பதிவாகிறவை மட்டும் வருடத்துக்கு 6,000-க்கு மேல். அவை உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக வந்து போகின்றன. மனைவி செய்த கொலைக்கு மட்டும் முதல் பக்கமும் ஒரு மாத விவாதமும் கிடைப்பதால், அது அதிகம் நடப்பதாக மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

அபிராமி செய்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர் ஆடிய வீடியோவையும், காதலன் வேலை பார்த்த பிரியாணிக் கடையையும் வைத்து எழுந்த கேலியை நினைத்துப் பாருங்கள். ஆடுவது குற்றமில்லை. பிரியாணி வாங்கப் போவதும் குற்றமில்லை. நீதிமன்றம் தண்டித்தது கொலையை. நாம் ஏழு வருடம் பேசியது ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை. அதில் அந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். அதே கேலியைக் கேட்டு வளரும் பெண், புருசன் கொடுமையிலிருந்து வெளியேற நினைக்கும்போது, ஊர் என்ன பேசும் என்று பயந்தே உள்ளே இருந்துவிடுகிறாள்.

"போனது போயிடுச்சு, உடம்பை அறுக்க விடாதீங்க"

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ண வேண்டும் என்ற அவசரம் இருக்கும். அந்த வேதனை புரிகிறது. ஆனால் நல்லபடியாக இருந்தவர் திடீரென்று இறந்தால், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் முதல் ஆளின் பேச்சைக் கேட்காதீர்கள். சந்தேகச் சாவில் பரிசோதனையைக் கைவிடும் உரிமை குடும்பத்துக்கு இல்லை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால், போலீஸ் விசாரணையோடு கோட்டாட்சியர் விசாரணையும் நடக்க வேண்டும். எரித்துவிட்டால் அந்த உப்பு ஜாடியில் போட எதுவும் மிஞ்சாது.

உயிர் இருக்கும்போது செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து கிடப்பவரைக் 'களைப்பு, தூங்கட்டும்' என்று விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், மோர், புளிக்கரைசல் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. மாத்திரை அட்டை, குடித்த தம்ளர், மிச்சமிருந்த பால், வாந்தி பட்ட துணி எதையும் கழுவாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.