லைட் த்ராட்டில் நாக்கிங்: டியூனர் வேலைக்கு ஓர் உரைகல்

ஃபுல் த்ராட்டிலில் நாக்கிங் அடிக்கும் வண்டியை யாரும் பிடித்துவிடலாம். டைமிங்கைக் குறை, ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடு என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதே மாடிஃபைடு கார், நாலாவது கியரில் லேசாக மிதித்துப் போகும்போது மட்டும் தகர டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்கினாற்போல் சத்தம் போட்டால்? பார்ட்ஸ் மாற்றிப் பார்க்கிறவர் யார், டயக்னோஸ் செய்கிறவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். பெரிய டியூனிங் கராஜில் வேலைக்குப் போகிறீர்களா? இந்த மாதிரி ஒரு வண்டியின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். தயாராகப் போங்கள்.

1. பானெட்டை உடனே திறக்காதீர்கள். முதலில் கேளுங்கள். என்னென்ன மாற்றினார்கள், எந்த வரிசையில், எதற்குப் பிறகு சத்தம் வந்தது? "ஒண்ணும் பண்ணலண்ணே, ஃபில்டர் மட்டும்தான்" என்பார் கஸ்டமர். நம்பாதீர்கள், முகத்தில் காட்டவும் காட்டாதீர்கள். ஹெட் ஃபேஸிங் ஆனதா, ஈ.ஜி.ஆர். அடைத்தாயிற்றா, ரீமேப் ஃபைல் எங்கே வாங்கியது, கேஸ் கிட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். 98 ஆக்டேனுக்கு வெளிநாட்டில் எழுதிய ஃபைலை வாங்கிப் போட்டு, நம்மூர் பங்கின் சாதாரண பெட்ரோலில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

2. சத்தத்தை வரவழையுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஸ்கேனரை மாட்டி லாக் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். ஆர்.பி.எம்., மேனிஃபோல்டு பிரஷர், இக்னிஷன் டைமிங், ஃபியூயல் ட்ரிம், கூலன்ட் சூடு, இன்டேக் காற்றின் சூடு: இந்த ஆறும் கட்டாயம். இங்கேதான் ஜூனியர்கள் சறுக்குகிறார்கள். பெடலை லேசாக மிதிப்பதும் இன்ஜினுக்கு லோடு குறைவதும் ஒன்றல்ல. 1,500 ஆர்.பி.எம்.மில் கால்வாசி த்ராட்டிலே மேனிஃபோல்டை வெளிக்காற்றின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் இழுக்கிறார் என்றால், அவர் மிதிப்பதுதான் லேசு, இன்ஜின் முக்கிக்கொண்டிருக்கிறது. அந்த கஸ்டமருக்கு ரீமேப் வேண்டாம், கியர் குறைக்கச் சொன்னால் போதும். இதை நேர்மையாகச் சொல்பவரிடம் அவர் தன் நண்பர்களையும் அனுப்புவார்.

3. நாக்கிங்தான் என்று நிரூபியுங்கள். மாடிஃபைடு காரில் பொய்ச் சத்தம் அதிகம். தளர்ந்த ஹீட் ஷீல்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு, குளிர்ந்த நிலையில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடும் தட்டல், எல்லாமே ஆளை ஏமாற்றும். ஒரே ஒரு டெஸ்ட்: சத்தம் வரும் இடத்தில் மட்டும் டைமிங்கை 3 டிகிரி பின்னுக்கு இழுத்து, அதே ரோட்டில், அதே கியரில் மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் அது நாக்கிங். அப்படியே இருந்தால் மெக்கானிக்கல் பக்கம் திரும்புங்கள். ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரைக் கட் செய்யும்போது ஒன்றில் மட்டும் சத்தம் மாறுகிறதா? கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

நாக் சென்சார் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். 75 மி.மீ. போர் உள்ள இன்ஜினில் நாக் அதிர்வு ஏழரை கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். போர் பெரிதானால் அது இறங்கும். கட்டியான இன்ஜின் மவுன்ட் போட்டிருந்தால் வேறு அதிர்வுகளும் சென்சாருக்குப் போய்ச் சேரும்.

4. இப்போது காரணம். இரண்டை முதலில் பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்தவருக்கு இன்டர்வியூவில் தனி மரியாதை.

ஒன்று, அடைத்த ஈ.ஜி.ஆர். எக்ஸாஸ்ட் வாயு கலந்தால் சிலிண்டரில் எரிதல் மெதுவாகும். அதற்கு ஈடாக, லேசான லோடில் கம்பெனியே டைமிங்கை நிறைய முன்னுக்குத் தள்ளி எழுதியிருக்கும். 'பவர் வரும்' என்று யாரோ தகடு வைத்து அடைத்துவிட்டார். மேப் மட்டும் பழையபடியே இருக்கிறது. எரிதல் வேகமாகிவிட்டது, ஸ்பார்க்கோ இன்னும் சீக்கிரமாகவே விழுகிறது. ஐடிலிலும் ஃபுல் த்ராட்டிலிலும் பொதுவாக ஈ.ஜி.ஆர். மூடியே இருப்பதால் அங்கே சத்தம் இருக்காது. நடுவில் மட்டும் அடிக்கும்.

இரண்டு, அகலமான இன்டேக் பைப். எம்.ஏ.எஃப். சென்சார் உள்ள வண்டியில், சென்சார் உட்காரும் 70 மி.மீ. குழாயை 76 ஆக்கினால் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாகப் போகும். சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். குரூஸிங்கில் ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலைச் சரிக்கட்டிவிடும். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் பிளஸ் பக்கம் ஏறி நிற்பதுதான் தடயம். டைமிங்கைச் சரிக்கட்ட ஆளில்லை. லோடு குறைவு என்று நம்பிய ஈ.சி.யூ., டேபிளில் அட்வான்ஸ் கூடிய வரிசைக்குப் போய்விடும். இதைப் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்து கராஜ்காரர் காயிலும் இன்ஜெக்டரும் மாற்றிக்கொண்டிருக்கட்டும்.

ட்ரிம் ஐடிலில் அதிகமாகவும் ஆர்.பி.எம். ஏறினால் குறைவாகவும் இருந்தால் வேக்குவம் லீக். ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். சி.என்.ஜி. கிட்டில் டைமிங் அட்வான்ஸ் புராசசர் இருக்கிறதா? கேஸுக்கான அட்வான்ஸ் பெட்ரோலில் ஓடும்போதும் விடாமல் இருந்தால் நாக்கிங் நிச்சயம், வயரிங்கைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் ஹீட் ரேஞ்சையும் சரிபாருங்கள். என்.ஜி.கே.யில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி, போஷில் நேர்மாறு. இதைக் குழப்பிக்கொண்டு சூடான பிளக்கை மாட்டியவர்கள் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டியென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் வேக்குவம் அட்வான்ஸ் அதிகம். அம்பாசடரையும் கான்டெஸாவையும் ரீஸ்டோர் செய்பவர்கள் இந்த வேலைக்கு நல்ல காசு தருகிறார்கள்.

5. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பிளக், பெட்ரோல், மேப் மூன்றையும் சேர்த்து மாற்றி சத்தம் நின்றால், எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த வண்டி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

6. நாக் சென்சாரின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து எச்சரிக்கையை மறைக்கச் சொல்வார் கஸ்டமர். சில முதலாளிகளும் சொல்வார்கள். செய்யாதீர்கள். பிஸ்டன் ரிங் லேண்ட் உடைந்து வண்டி திரும்பி வரும்போது பழி உங்கள் தலையில்தான் விழும். மறுத்ததை ஜாப் கார்டில் எழுதி கையெழுத்து வாங்கி வையுங்கள்.

7. வேலையைக் காட்டத் தெரிய வேண்டும். முன் லாக், பின் லாக் இரண்டையும் ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுத்து பில்லோடு கொடுங்கள். வண்டி நம்பரை மறைத்து ஒரு காப்பி உங்கள் ஃபைலில் இருக்கட்டும். அடுத்த இன்டர்வியூவில் சர்டிபிகேட்டுக்கு முன்னால் அதை எடுத்து மேசையில் வையுங்கள். சொந்தமாக கராஜ் வைத்திருப்பவர்கள் டயக்னோசிஸ் சார்ஜைப் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். பார்ட்ஸ் விலைக்குள் ஒளித்தால் அடுத்த முறை அதை இலவசமாகக் கேட்பார்கள்.