பல்கலைக்கழக அனுமதி: தோட்டத்துப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை



பிள்ளை உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் பாஸ் பண்ணிவிட்டால் பல்கலைக்கழகம் போய்விடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சித்தியடைவது வாசல் வரை வருவது மட்டும்தான். உள்ளே போவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எல்கடுவையில் இருக்கிற நாம் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1945இல் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கிடைக்கவில்லை. அவை தோட்ட நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. 1970களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்றது. கிராமத்துப் பிள்ளைகளைவிட முப்பது வருடம் பின்னால் நாம் ஓடத் தொடங்கினோம். நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று யாராவது சொன்னால் இந்த முப்பது வருடத்தை ஞாபகப்படுத்துங்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். பரீட்சைப் புள்ளியை அப்படியே எடுப்பதில்லை. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியைவிட நம் பிள்ளை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்து ‘இசட் புள்ளி’ போடுகிறார்கள். 2001ஆம் ஆண்டிலிருந்து இந்த முறை இருக்கிறது. பிறகு ஒரு பாடநெறியில் உள்ள இடங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்கும் திறமை வரிசைப்படி. 55 இடம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக்கு ஏற்ப. மிச்சம் 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. (சில பாடநெறிகளுக்கு மட்டும் விதி வேறு.)

பின்தங்கிய மாவட்டங்கள் என்று 16 இருக்கின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அதில் உண்டு. மாத்தளை இல்லை. கண்டியும் இல்லை. ஆகவே அந்த 5 இடத்தில் நமக்குப் பங்கு கிடையாது.

மாவட்டப் பங்கு எவ்வளவு வரும்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறக்குறைய 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர். நாட்டில் 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். நூற்றுக்கு 2.4 வீதம் கூட வராது. ஒரு பாடநெறிக்கு 1000 இடம் என்றால் மாவட்டங்களுக்கு 550. அதில் மாத்தளைக்கு ஏறக்குறைய 13. அந்த 13 இடத்துக்குத்தான் மாத்தளை டவுன் பிள்ளையும், தம்புள்ளைப் பிள்ளையும், கலேவலைப் பிள்ளையும், நம்ம லயத்துப் பிள்ளையும் போட்டி போட வேண்டும். கணக்கு மாவட்டத்தைப் பார்க்கும். மாவட்டத்துக்குள் இருக்கிற லயத்தைப் பார்க்காது. இதை மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயம். ஆனால் இந்த வருடம் பரீட்சை எழுதுகிற பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது. நம் கையில் உள்ளதை நாம் செய்வோம்.

1. சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று ஆசிரியரைக் கேளுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உள்ள பிரிவே போதும் என்று விட்டுவிடாதீர்கள். கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வருகிற பிள்ளைக்கு பஸ் செலவைப் பார்க்க வேண்டாம்.

2. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். ‘அது சும்மா பேப்பர்’ என்று விட்டுவிடக் கூடாது.

3. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். திருத்தம் வர மாதக்கணக்காகும்.

4. பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூல் வெளியிடும். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். அந்த வரிசையில்தான் இடம் தருவார்கள். நாலைந்து மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது நல்லதல்ல. முடிவுத் திகதி தப்பினால் அந்த வருடம் போச்சு.

5. உடல் ஊனமுள்ள பிள்ளைகளுக்குத் தனியாக விசேட அனுமதி உண்டு. வீட்டிலேயே வைத்துவிடாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

6. ‘காசுக்கு எங்கே போறது?’ என்று பயப்பட வேண்டாம். பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் உண்டு. அது கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு வேறு உதவுபணம் உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்தியத் தூதரகம் வழியாகவும் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வருமான அத்தாட்சி கேட்பார்கள். சம்பளச் சிட்டைகளை அடுப்பங்கரையில் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

இன்னுமொன்று. உள்ளே போனபின் ஆங்கிலம் தெரியாமல் முதல் வருடத்தில் திணறுகிற பிள்ளைகள் அதிகம். மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆகவே உயர்தரம் எழுதிப் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்ப அவசரப்படாமல், ஆங்கில வகுப்பொன்றில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே பல்கலைக்கழகம் போயிருக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும் லீவில் வரும்போது தம்பி தங்கைகளுக்கு இந்தக் கைநூலை விளக்கிச் சொல்ல வேண்டும். அது அவர்களுடைய கடமை. படிவம் நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். கடைசி நாளில் ஓடி வராமல் முதல் வாரத்திலேயே வாருங்கள்.