‘மருந்து பழகிவிட்டது’

காய்ச்சலோ புண்ணோ நெடுநாள் தீராதவழி, ‘மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது’ என்று கூறுதல் நம் நாட்டில் யாண்டும் கேட்கப்படும் வழக்கு. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில், ஒருநாட் கூலி இழத்தற்கு அஞ்சி மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தையல் இயந்திரத்தின்முன் அமர்வோரும் இவ்வாறே கூறுவர். இவ்வழக்கில் நான்காம் வேற்றுமை உருபை ஏற்று நிற்கும் ‘உடம்பு’ என்னும் பெயர் பொருந்துமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது. இதற்கு விடை தருவது இலக்கண நூலன்று. மீன் வளர்க்கும் குளத்திலிருந்து எடுத்த கிருமிகளை ஆய்வுக்கூடத்திற் சோதிக்கும் ஒரு முறையாம்.

அம்முறை நம் ஊரார்க்கு முற்றிலும் புதியதன்று. வியர்வை நாற்றம் உண்டாகாதபடி கிருமியைத் தடுக்கும் மருந்தூட்டிய பின்னலாடைகள் இக்காலத்தில் செய்யப்படுகின்றன. அத்துணி மெய்யாகவே தன் தொழிலைச் செய்கின்றதா என்று அறிய, கிருமி தடவிய தட்டின்மேல் துணித்துண்டு ஒன்றை வைத்து, அதன் அடியிலும் சுற்றிலும் கிருமி வளராத தெளிந்த இடம் தோன்றுகின்றதா என்று நோக்குவர். கோவையில் 1956-இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் இத்தகைய சோதனைகளுக்கென்றே ஆய்வுக்கூடம் உண்டு. துணிக்கு ஈடாக மருந்து தோய்ந்த காகித வில்லையை வைத்தால் அதுவே மீன்கிருமிச் சோதனையாகும். அங்கே ஐயத்திற்குரியது துணி. இங்கே ஐயத்திற்குரியது கிருமி.

மீனுக்கு மருந்து எதற்கு என்று கேட்கலாம். குளங்களில் மீன்களை நெருக்கமாக வளர்க்குங்கால் ஏரோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் பற்றி, உடலிற் செம்புள்ளியும் புண்ணும் உண்டாக்கும். அதனைத் தீர்க்கச் சிலர் மருந்தைத் தீவனத்திற் கலந்து இடுவர். நோயுற்ற மீனோ பசியிழந்து தீவனத்தைத் தொடாது. நலமுள்ள மீனே உண்ணும். எஞ்சிய தீவனத்தோடும் கழிவோடும் மருந்து நீரிலும் சேற்றிலும் சேர, ஆங்குள்ள எண்ணிறந்த கிருமிகள் நாள்தோறும் அதில் தோய்ந்து கிடக்கும். உடுமலையை அடுத்த அமராவதி அணை போன்ற நீர்த்தேக்கங்களில் குஞ்சுகளை விட்டுப் பின்னர்ப் பிடிக்கும் முறை வேறு. யாம் கூறுவது தீவனமிட்டு வளர்க்கும் குளங்களைப் பற்றியது.

சோதிப்போர் நோயுற்ற மீனின் சிறுநீரகத்திலிருந்தேனும் குளத்து நீரிலிருந்தேனும் கிருமியை எடுத்து, ஒன்றிலிருந்தே பெருகிய கூட்டமாகத் தனித்து வளர்ப்பர். அதனை உப்புநீரிற் கலந்து, மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி கிருமி என்னும் அளவிற் கலங்கல் வந்தவுடன், முல்லர்–ஹின்டன் அகார் என்னும் உறைந்த கூழின்மேல் பஞ்சினால் ஒரு சீராகத் தடவுவர். கூழின் கனம் 4 மில்லிமீட்டர். வில்லையின் அகலம் 6 மில்லிமீட்டர். மனிதரிடமிருந்து எடுத்த கிருமியாயின் 35 பாகை வெப்பத்தில் ஓரிரவு வைப்பர்; மீன்கிருமி குளிர்ந்த நீருக்குரியதாதலின் 28 பாகையிலேனும் 22 பாகையிலேனும் இன்னும் நெடுநேரம் வைப்பர். பின்னர் வில்லையைச் சுற்றியுள்ள தெளிந்த வட்டத்தை அளப்பர். கூழ் தடித்துவிட்டால் மருந்து கீழ்நோக்கிப் பரவி வட்டம் சுருங்கும். கிருமி மிகுந்தாலும் சுருங்கும். வட்டக் கத்தியால் துணியை வெட்டி ஜி.எஸ்.எம். எடை காணும் நம்மூர்ச் சோதனையாளர்க்கு இந்நுணுக்கத்தின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வட்டம் தானே எதனையும் சொல்லாது. அதனைப் பட்டியலோடு ஒப்பிட்டே பொருள்கொள்ளல் வேண்டும். பலரும் பின்பற்றும் அமெரிக்கப் பட்டியலின்படி, ஈ. கோலி என்னும் கிருமி 30 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றி 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடம் விட்டால் மருந்துக்கு அடங்குவது. 11-உம் அதற்குக் கீழும் ஆயின் அடங்காதது. ஈண்டு ஒரு வியப்பு உண்டு. சிப்ரோஃபிளாக்சசின் மருந்துக்கு அதே கிருமி 21 மில்லிமீட்டர் இடம் விட்டால், 2019-க்கு முன்னர் ‘அடங்குவது’ என்று எழுதினர். அவ்வாண்டில் திருத்திய பட்டியலின்படி அதே 21 ‘அடங்காதது’ ஆயிற்று. கிருமி மாறவில்லை, கணக்கே மாறிற்று. ஆதலின் முடிபை மட்டும் குறித்து மில்லிமீட்டரை விட்டுவிடும் ஆய்வேடு சின்னாளிற் பயனற்றுப் போம் என்பது எமது கருத்து. மற்றொன்று: ஏரோமோனாஸ் இனம் ஆம்பிசிலினுக்கு இயல்பாகவே அடங்காதது. அவ்வில்லையைச் சுற்றி வட்டம் காணாமையால் குளத்துக்காரரைக் குறைகூறுதல் முறையன்று.

இனி நம் வினாவுக்கு வருவோம். அத்தட்டில் மீனுமில்லை, மனித உடம்புமில்லை. கூழும் காகிதமும் மருந்தும் கிருமியுமே உள்ளன. ஆயினும் மருந்து தோற்கின்றது. எனவே பழகியது உடம்புக்கு அன்று, கிருமிக்கே. இப்பெயர் மாற்றம் சிறிதன்று. உடம்புக்குப் பழகுவதாயின், மாத்திரையே உண்டறியாதவர் அஞ்ச வேண்டுவதில்லை. கிருமிக்கு ஆயின், பிறர் உண்ட மருந்தும் குளத்தில் இட்ட மருந்தும் அவரையும் சாரும்.

‘பழகுதல்’ என்னும் வினையும் முற்றப் பொருந்துவதன்று. சில தட்டுகளில் தெளிந்த வட்டத்தினுள்ளே இரண்டொரு புள்ளிகள் தனித்து நிற்கும். அவை பிறிதொரு கிருமியின் கலப்பாகவும் இருக்கலாமாதலின் எடுத்து மறுபடி சோதிப்பர். கலப்பு அன்றெனின், அவை மருந்தோடு மெல்லப் பழகியவை அல்ல. கோடிக்கணக்கானவை மடிய, முன்னரே வேறுபட்டிருந்தமையால் பிழைத்தவை. மடிந்தவற்றின் இடம் முழுவதும் அவற்றின் வழித்தோன்றல்களுக்கே உரித்தாம்.

அன்றியும், பிளாஸ்மிட் என்னும் சிறு மரபு வளையத்தின் வழியாக ஓரினக் கிருமி தன் ஆற்றலை மற்றோர் இனத்துக்குக் கொடுத்தலும் உண்டு. ஏனைய மருந்துகள் தோற்றபின் மருத்துவர் நாடும் கோலிஸ்டினை வெல்லும் மரபுக்கூறு ஒன்று இவ்வாறு கைமாறக்கூடியது என்று சீன ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர். பன்றிகளிடத்தும் நோயாளரிடத்தும் அஃது இருந்தது. நம் அரசினர் 2019 ஜூலையில், உணவுக்குரிய விலங்குகளுக்கும் கோழிக்கும் மீன் முதலிய நீர்வாழ் உயிர் வளர்ப்புக்கும் அம்மருந்தைச் செய்தலையும் விற்றலையும் தடுத்தனர்.

இவை கேட்டு மீன் உண்ணுதற்கு அஞ்சுவாரும் உளர். நன்கு வெந்த குழம்பில் இக்கிருமிகள் உயிரோடிரா. பச்சை மீனை அரியும் கையிலுள்ள காயமும், அதே அரிவாள்மனையைக் கழுவாமல் பின்னர் அரியும் வெங்காயமும் தக்காளியுமே அவை நம்மிடம் வரும் வழிகள்.