ஈரலில் ஒரு சேமிப்பு

புளியறைப் பக்கம் அங்கன்வாடியில் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் ஊற்றுவார்கள். தினமும் ஏன் வேண்டாம்? கல்லீரல் அதை வாங்கிச் சேமித்து, பல மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். மொத்தம் 9 தவணை. தேதியை அட்டையில் குறித்து வையுங்கள். விட்டுப்போனால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம், செவிலியரைக் கேளுங்கள். மிஞ்சிய ஏ சிறுநீரில் போகாது, ஈரலையே கெடுக்கும்.

முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்து இறக்காதீர்கள். தேங்காயோ ஒரு கரண்டி எண்ணெயோ சேர்ந்தால்தான் அதன் ஏ சத்து உடலில் ஒட்டும்.

வைட்டமின் பி12 ஈரலில் சில ஆண்டுகளுக்குக்கூட இருப்பு இருக்கும். அதனால்தான் சுத்த சைவர்களுக்குக் குறைபாடு தாமதமாகத் தெரிகிறது. பால், தயிர் விடாதீர்கள். வைட்டமின் கே அப்படியில்லை, இருப்பு சொற்பம். கீரை அடிக்கடி வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மட்டும் கீரை அளவைத் திடீரென மாற்றக் கூடாது.

ஆட்டு ஈரலில் ஏ மிக அதிகம். கர்ப்பிணிக்கு ‘ரத்தம் ஊறும்’ என்று வாரந்தோறும் ஈரல் வறுவல் கொடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் பாசம்தான். ஆனால் முதல் மூன்று மாதம் அது வேண்டவே வேண்டாம்.